ஒரு போதகரும் நம்ம மாகாண சபையும்

ஊவா மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டம்பரில். 2019 இல் சபையின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு ஆளுநர்தான் எல்லாம். ஹாலிஎலயில் இதற்காக ஒரு கடைகூட கதவு சாத்தவில்லை. நம்ம வயசுக்காரர்களிடம் கேட்டால், "இருந்தப்போ மட்டும் என்ன கிழிச்சாங்க?" என்பார்கள். நியாயமான கேள்விதான். பதிலுக்கு நாங்கள் ஒரு போதகரின் கதையைச் சொல்கிறோம்.

பெயர் டொமி டக்ளஸ். டக்ளஸ் என்றதும் யாழ்ப்பாணத்து டக்ளஸை நினைக்க வேண்டாம், இவர் கனடாக்காரர். 1904 இல் ஸ்கொட்லாந்தில் பிறந்து, சின்ன வயதில் குடும்பத்தோடு வினிபெக் நகரத்துக்கு வந்தவர். எலும்பில் வந்த நோயால் கால் ஒன்றை வெட்ட வேண்டிய நிலை. வீட்டில் காசு இல்லை. ஒரு வைத்தியர், மாணவர்களுக்குப் பாடமாகக் காட்டலாம் என்று இலவசமாகச் சிகிச்சை செய்ததால்தான் அந்தக் கால் மிஞ்சியது. ஒரு பிள்ளையின் கால் இப்படி அதிர்ஷ்டத்தில் தொங்கக் கூடாது என்பதுதான் பிற்காலத்தில் அவருடைய அரசியலாக ஆனது.

அச்சகத்தில் வேலை பார்த்தார், குத்துச்சண்டை போட்டார், பிறகு இறையியல் படித்து 1930 இல் சஸ்கச்சுவான் மாகாணத்தின் வேபர்ன் என்ற சின்ன ஊரில் பப்டிஸ்ட் சபைப் போதகரானார். அது உலகப் பொருளாதார மந்த காலம். மழை பொய்த்து, கோதுமை வயல்களில் மண் புழுதியாகப் பறந்தது. 1931 இல் பக்கத்து எஸ்டவன் ஊரில் வேலைநிறுத்தம் செய்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் மூவரைப் பொலிஸ் சுட்டுக் கொன்றது. முல்லோயா கோவிந்தன் கதை தெரிந்த நமக்கு இது புதுசில்லை. பசித்தவனுக்குப் பொறுமையைப் போதிப்பதா, பசியை உண்டாக்குகிற ஏற்பாட்டை மாற்றுவதா? டக்ளஸ் இரண்டாவதைத் தேர்ந்தார்.

1934 மாகாணத் தேர்தலில் தோற்றார். அடுத்த வருசம் மத்திய பாராளுமன்றத்துக்குப் போனார். நம்ம ஊரில் என்றால் பயணம் அத்தோடு முடிந்திருக்கும். கொழும்புக்குப் போனவர் எங்கே பதுளைக்குத் திரும்புவார்? டக்ளஸ் மாகாணத்துக்குத் திரும்பினார். 1944 இல் அவருடைய சி.சி.எஃப். கட்சி 47 ஆசனங்களோடு ஆட்சியைப் பிடித்தது. 17 வருசம் அவர்தான் மாகாண முதல்வர். ஓய்வூதியக்காரர்களுக்கு இலவச மருத்துவம், தொழிற்சங்க உரிமைக்குச் சட்டம், பண்ணை வீடுகளுக்கு மின்சாரம், 1947 இல் மாகாணம் முழுக்க வைத்தியசாலைக் காப்புறுதி என்று படிப்படியாகப் போனார். கஜானா தாங்குமா என்று பார்த்த பிறகுதான் அடுத்த படி.

1962 இல் எல்லாருக்குமான மருத்துவக் காப்புறுதி வந்தபோது வைத்தியர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது டக்ளஸ் மத்திய அரசியலுக்குத் திரும்பியிருந்தார். அந்தத் திட்டத்தின் மீதான கோபத்தில், வேலைநிறுத்தத்துக்கு முன்பே, சொந்த மாகாணமே தேர்தலில் அவரைத் தோற்கடித்திருந்தது. திட்டம் மட்டும் தோற்கவில்லை. 1966 இல் அதே மாதிரியில் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. இன்று கனடா பெருமைப்படுகிற மருத்துவ முறை ஒரு ஓர மாகாணத்தில் முளைத்தது.

அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. 1933 இல் எழுதிய முதுகலை ஆய்வில், 'குறையுள்ளவர்கள்' என்று அவர் கருதியவர்களுக்குக் கருத்தடை செய்யலாம் என்று பரிந்துரைத்தவர் அவர். ஏழையின் பிள்ளைப்பேற்றை மேலேயிருந்து ஒருவர் முடிவு செய்யும் எண்ணம் அது. ஆட்சிக்கு வந்த பிறகு அந்த வழியில் போகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மதகுரு அரசியல் என்றாலே நமக்குப் பயம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2004 இல் ஜாதிக ஹெல உறுமயவின் பிக்குகள் ஒன்பது பேர் பாராளுமன்றம் போனதைப் பார்த்த நாடு இது. ஆனால் அவர்களுக்கு முன்பே, 2001 இல், தேர்தலில் வென்று பாராளுமன்றம் போன முதல் பிக்கு பத்தேகம சமித்த தேரர். சமசமாஜக் கட்சிக்காரர். தென் மாகாண சபையிலும் இருந்தவர். இனவாதத்துக்கு எதிராகவும் அதிகாரப் பகிர்வுக்கு ஆதரவாகவும் பேசியவர். 2021 இல் காலமானார். ஆக, பிரச்சினை காவி உடையோ வெள்ளை அங்கியோ இல்லை, அதைப் போட்டவர் யார் பக்கம் நிற்கிறார் என்பதுதான்.

இனி நம்ம பக்கம். இலங்கையில் இலவச அரச மருத்துவம் 1951 இலேயே வந்துவிட்டது, கனடாவுக்கும் முன்னாடி. ஆனால் தோட்டத்து ஆட்களின் சுகாதாரம் கம்பனி பொறுப்பு என்று ஒதுக்கப்பட்டது. அதன் மிச்சம்தான் இன்றைக்கும் பல தோட்டங்களில் டொக்டர் இல்லாத டிஸ்பென்சரி. 13 ஆவது திருத்தத்தின்படி பிரதேச வைத்தியசாலைகளும், தேசிய பாடசாலைகள் தவிர்ந்த பள்ளிகளும் மாகாண சபைக்கு உரியவை. நம்ம தமிழ்ப் பள்ளிகளில் பெரும்பாலானவை அதில்தான் வரும்.

சபை இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. 2014 தேர்தல் முடிந்து 40 நாள்கூட ஆகாத நிலையில் மீரியபெத்த லயங்களை மண் மூடியது. காணி அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, மாகாணத்தின் கை அங்கே எட்டவில்லை. சஸ்கச்சுவானிலும் 1905 இலிருந்து சட்டசபை இருந்தது, 1944 வரை பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. எலிகள் ஒவ்வொரு தேர்தலிலும் கறுப்புப் பூனை, வெள்ளைப் பூனை என்று மாற்றி மாற்றிப் பூனைகளையே தெரிவு செய்யும் கதையை டக்ளஸ் மேடைதோறும் சொன்னது அதனால்தான். நம்ம சந்தாவை வாங்குகிற சங்கத்துக்காரரே ஓட்டையும் வாங்கிப் போகிற ஊரில் அந்தக் கதைக்கு விளக்கவுரை தேவையில்லை.

ஆனால் எலிகள் ஒரு எலியை நிறுத்தணும் என்றால் முதலில் தேர்தல் வேண்டும். பாராளுமன்றத்துக்குப் பெரிய கட்சியும் பெரிய காசும் தேவை. தோட்டத்துப் பள்ளி ஆசிரியை, ஊர்ப் போதகர், கொழுந்து பறிக்கிற ஒரு அக்கா ஆகியோருக்கு எட்டக்கூடிய ஏணிப்படி மாகாண சபைதான். அந்தப் படியைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். நாமும் கேட்காமல் இருக்கிறோம். அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு யாராவது லயத்துப் பக்கம் வந்தால், அவர் எந்தக் கட்சியானாலும், முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: மாகாண சபைத் தேர்தல் எப்போ?