நின்னுபோச்சா புல்லட்டு? கார்புரேட்டர் மேல கை வைக்காதே!

'அண்ணா, தாத்தாவோட 1984 மாடல் புல்லட்லதான் காலேஜுக்குப் போறேன். பதினஞ்சு கிலோமீட்டர் சூப்பரா ஓடும். அப்புறம் ரெண்டு தடவை இருமும், நின்னுடும். பத்து நிமிஷம் நிழல்ல நிறுத்தினா ஒரே கிக்ல ஸ்டார்ட்! மூணு மெக்கானிக் பார்த்தாச்சு. மூணு பேரும் கார்புரேட்டரைத்தான் கழட்டினாங்க. கடைசி ஆள் புதுசே மாத்திட்டார். இன்னமும் நிக்குது. போன வாரம் இன்டர்னல் டெஸ்ட்டுக்குப் பாதி நேரம் கழிச்சுத்தான் போய்ச் சேர்ந்தேன். பொங்கலுக்குள்ள சரியாகலேன்னா காயலாங்கடைதான்னு அப்பா சொல்லிட்டார்...'

திருநெல்வேலிப் பக்கம் இன்ஜினீயரிங் கடைசி வருஷம் படிக்கிற தம்பி ஒருத்தரோட மெயில் இது. தம்பி, அப்பாகிட்ட இன்னும் ரெண்டே வாரம் டைம் கேளு. எடைக்குப் போடற அளவுக்கு உன் வண்டிக்கு ஒண்ணும் ஆயிடலை. நோய் ஒரு இடம், மருந்து ஒரு இடம்னு போயிட்டிருக்கு. அவ்வளவுதான்.

பழைய வண்டி மக்கர் பண்ணினா எல்லார் கையும் முதல்ல கார்புரேட்டருக்குத்தான் போகும். ஏன்னா அது கண்ணுக்குத் தெரியுது, கழட்ட ஈஸியா இருக்கு, கழட்டினா உள்ளே கொஞ்சம் அழுக்கும் கட்டாயம் இருக்கும். 'பார்த்தியா, அழுக்கு!'ன்னு காட்டிட்டுக் காசு வாங்கிடலாம். கரண்ட் கண்ணுக்குத் தெரியாதே! 'கார்புரேட்டர் கம்ப்ளெயின்ட்டுன்னு வர்ற வண்டியில பாதி கரண்ட் கம்ப்ளெயின்ட்டு'ன்னு பழைய மெக்கானிக்குங்க சொல்றது சும்மா இல்லை.

உன் கேஸுக்கே நேரா வரேன். சூடானா நிக்குது, ஆறினா ஓடுது. இதுக்கு முக்கியமான குற்றவாளிங்க மூணு பேர். இக்னிஷன் காயில், கண்டன்சர், அப்புறம் யாருமே சந்தேகப்படாத பெட்ரோல் டேங்க் மூடி!

ஆமாம், மூடிதான். அதுல காத்து உள்ளே போக ஊசி முனை மாதிரி ஒரு ஓட்டை இருக்கும். அது அடைஞ்சுட்டா, பெட்ரோல் இறங்க இறங்க டேங்க்குக்குள்ளே வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் கீழே வர மறுக்கும். வண்டி நிக்கும். பத்து நிமிஷத்துல எங்கேயாவது இடுக்குல காத்து புகுந்து சரியாகிடும். திரும்ப ஓடும். காயில் செத்துக்கிட்டு இருந்தாலும் அச்சுஅசல் இதே கதைதான். உள்ளே சுத்தியிருக்கிற மெல்லிசு கம்பியோட இன்சுலேஷன் சூட்டுல விட்டுக்கொடுத்துடும், ஆறினதும் மறுபடி பிடிச்சுக்கும். சிம்ப்டம் ஒண்ணு, நோய் வேற!

அதனால ஒரு கட்டளை. வண்டி நின்ன உடனே, அந்த நிமிஷமே பார்க்கணும். டீ குடிச்சுட்டு வந்து பார்த்தா குற்றவாளி தப்பிச்சுப் போயிருப்பான். ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிட்டுப் போறதுக்குள்ள ஆறிடுது இல்லையா, அதனாலதான் மூணு பேராலயும் கண்டுபிடிக்க முடியலை.

ரோட்டோரமா நிறுத்து. முதல்ல டேங்க் மூடியைத் திற. 'உஸ்ஸ்'னு காத்து உள்ளே இழுக்கற சத்தம் கேட்டு, உடனே வண்டி ஸ்டார்ட் ஆச்சுன்னா விஷயம் முடிஞ்சுது. மூடி ஓட்டையைச் சுத்தம் பண்ணு, செலவு பூஜ்யம். அது இல்லேன்னா மூடியை இறுக்கி மூடிட்டு, பெட்ரோல் டேப்பையும் அடைச்சுட்டு பிளக்கைக் கழட்டு. (சூடா இருக்கும், துணி வெச்சுக்கோ.) அது காய்ஞ்சிருக்கா, நனைஞ்சிருக்கான்னு பார். அப்புறம் பிளக்கை அதோட கேப்புல சொருகி, உலோகப் பகுதி இன்ஜின் ஹெட்டுல நல்லா ஒட்டி இருக்கற மாதிரி வை. பிளக் இருந்த ஓட்டைக்கு நேரா வைக்காதே, அங்கேயிருந்து பெட்ரோல் ஆவி வரும். வெறுங்கையால பிடிக்கவும் வேண்டாம், தூக்கிப் போடும். இக்னிஷனைப் போட்டு கிக்கரை உதை.

நீல நிறத்துல 'சடக்'னு பொறி வந்தா கரண்ட் பக்கம் அநேகமா ஓ.கே. மஞ்சளா, சோகையா வந்தா நம்பாதே. வெளியில காத்துல ஈஸியா தாவற பொறி, சிலிண்டருக்குள்ள அழுத்தம் ஏறினதும் தாவ முடியாம அடங்கிடும். பொறியே இல்லை, பிளக் நனைஞ்சிருக்குன்னா கரண்ட் கோளாறு. நல்ல பொறி இருக்கு, பிளக் காய்ஞ்சு கிடக்குன்னா பெட்ரோல் வரலை. மூணு மெக்கானிக் கண்டுபிடிக்காததை அஞ்சு நிமிஷத்துல பாதி கண்டுபிடிச்சாச்சு!

இப்ப கொஞ்சம் பிசிக்ஸ். ஓடாதீங்கப்பா, ப்ளஸ் டூ-வுல படிச்சதுதான். 1910 வாக்குல கெடிலாக் கார்களுக்காக சார்லஸ் கெட்டரிங் கொண்டு வந்த அதே டெக்னிக்தான் பழைய புல்லட்லயும் வேலை செய்யுது. பேட்டரியிலிருந்து காயிலுக்குப் போற கரண்ட்டை, நம்ம ஆளுங்க பிளாட்டினம்னு சொல்ற காண்டாக்ட் பாயின்ட் மூடி மூடித் திறந்து விடும். மூடியிருக்கும்போது காயில்ல காந்தப்புலம் உருவாகும். பட்டுன்னு திறந்ததும் அந்தப் புலம் சரிய, ரெண்டாவது சுற்றுல ஆயிரக்கணக்கான வோல்ட் பிறந்து பிளக்ல பொறியாத் தாவும். 3000 ஆர்.பி.எம்-ல ஓடற நாலு ஸ்ட்ரோக் வண்டியில இது செகண்டுக்கு 25 தடவை நடக்குது. லேப்ல தூங்கிட்டே பார்த்த இன்டக்‌ஷன் காயில்தான் பாஸ் இது!

பாயின்ட் திறக்கறப்போ அதுக்கு நடுவுலயே பொறி தாவிடாம தடுக்கறது கண்டன்சர். அது போச்சுன்னா பாயின்ட் கருகும், பிளக்ல பொறி சோகையாகும், சூடானதும் வண்டி மிஸ் ஆகும். பிளாட்டினம் அடிக்கடி கருகுதுன்னா புதுப் பிளாட்டினம் மட்டும் போடாதே, கண்டன்சரையும் சேர்த்து மாத்து. ஒரு சினிமா டிக்கெட் காசுதான் ஆகும்.

பழைய புல்லட்காரங்களுக்கு ஹெட்லைட் மேலயே ஒரு டாக்டர் உட்கார்ந்திருக்கார், தெரியுமா? ஆம்ப் மீட்டர்! இக்னிஷனைப் போட்டு, டிகம்ப்ரஸர் லிவரைப் பிடிச்சுக்கிட்டு கிக்கரை மெதுவா அமுக்கு. பாயின்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாயணும், திறக்கும்போது நடுவுக்கு வரணும். முள் அசையவே இல்லேன்னா காயிலுக்குக் கரண்ட் ஓடலைன்னு அர்த்தம். பேட்டரி, ஃபியூஸ், சாவி ஸ்விட்ச், கருகின பாயின்ட்னு வரிசையாப் பார்த்துட்டு வா. சாஞ்ச முள் திரும்பவே இல்லேன்னா பாயின்ட் திறக்கலை, இல்லேன்னா கண்டன்சர் ஷார்ட். டூல்ஸே வேணாம், காலும் கண்ணும் போதும். பார்த்து முடிச்சதும் சாவியை ஆஃப் பண்ணிடு. பாயின்ட் மூடின நிலையில அப்படியே விட்டா காயில் சூடேறும், பேட்டரியும் காலி.

பாயின்ட் முகம் கருத்திருந்தா பொடி உப்புத்தாளால லேசாத் தேய்ச்சு, கல்யாணப் பத்திரிகை ஓரத்தைக் கிழிச்சு நடுவுல விட்டு இழு. தூசி வந்துடும். (அந்த அட்டைக்கு வேற உபயோகம் என்ன இருக்கு?) கேப் 0.35-லிருந்து 0.40 மி.மீ., ஃபில்லர் கேஜ் வெச்சுப் பாயின்ட் முழுசாத் திறந்த இடத்துல அளக்கணும். கேப்பை மாத்தினா டைமிங்கும் மாறும். அகலமானா பொறி சீக்கிரம் வரும். அதனால முதல்ல கேப், அப்புறம்தான் டைமிங். இதைத் தலைகீழாச் செஞ்சுட்டு, 'வண்டி காலைத் திருப்பி உதைக்குது'ன்னு நொண்டறவங்க உண்டு. டைமிங் அதிகமா முன்னாடி போனா கிக்கர் உன்னைத்தான் உதைக்கும். புல்லட் உதைச்சா சும்மா இல்லை, கணுக்கால் போயிடும்.

கரண்ட் பக்கம் சுத்தமா இருக்கா? இப்ப கார்புரேட்டர் மேல தாராளமாக் கை வைக்கலாம். ஆனா கழட்டறதுக்கு முன்னாடி ஒரு சின்ன சோதனை. ஆக்ஸிலரேட்டர் கைப்பிடியில ஒரு துண்டு டேப் ஒட்டி, பக்கத்துல நிலையா இருக்கற பாகத்துலயும் கால், அரை, முக்கால்னு கோடு போட்டுக்கோ. காலி ரோட்டுல ஓட்டு. வேற வேற கியர்ல, வேற வேற வேகத்துல போனாலும் கைப்பிடி ஒரே கோட்டுல இருக்கும்போதுதான் மிஸ் ஆகுதா? கார்புரேட்டர் கோளாறு. கைப்பிடி எங்கே இருந்தாலும் வேகமோ சூடோ ஏறினா மிஸ் ஆகுதா? கரண்ட் கோளாறு. எந்தக் கோடுங்கறதே பாதி பதில். கைப்பிடியை லேசாத் திறக்கறவரைக்கும் பைலட் ஜெட்தான் ராஜா, கால்லேர்ந்து முக்கால் வரை ஸ்லைடுல தொங்கற ஊசி, அதுக்கு மேல மெயின் ஜெட்.

சோக் போட்டாத்தான் ஓடுது, எடுத்தா ஆஃப் ஆகுது, ஐடிலிங்கே நிக்கலைன்னா பைலட் ஜெட் அடைப்புன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லலாம். இல்லேன்னா கார்புரேட்டரும் ஹெட்டும் சேர்ற இடத்துல காத்து கசியுது. ஜெட்டைக் கம்பியால மட்டும் குத்தாதே! பித்தளை மெத்துனு இருக்கும், ஓட்டை பெருசாயிட்டா அந்த ஜெட்டைத் தூக்கித்தான் போடணும். பெட்ரோல்ல ஊற வெச்சு, பஞ்சர் கடையில காத்து அடிச்சு வாங்கு. பெட்ரோல் சொட்டிக்கிட்டே இருந்தா, மிதவை ஊசியில தூசி. மிதவைக் கிண்ணத்தைத் திருப்புளிக் கைப்பிடியால ரெண்டு தட்டு தட்டினாலே சில சமயம் சரியாகிடும்.

பிளக் நிறமும் பேசும். இளம் பழுப்புன்னா ஆரோக்கியம். கரி மாதிரி காய்ஞ்ச கறுப்புன்னா பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு வெள்ளைன்னா காத்து அதிகம், அப்படியே ஓட்டினா இன்ஜின் சூட்டுல பிஸ்டன் பிடிச்சுக்கும். எண்ணெய்ப் பிசுக்குன்னா கதை வேற, ரிங் பக்கம் போகணும்.

தாத்தா காலத்துல இல்லாத ஒரு தலைவலி இப்ப இருக்கு. 2025-லிருந்து நம்ம பங்க்குகள்ல 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் பரவலா வருது. எத்தனால் முழுசா எரிய பெட்ரோலைவிடக் காத்து கம்மியாப் போதும். அதனால பழைய ஜெட் செட்டிங்ல பெட்ரோல் பத்தாத மாதிரி ஓடும், பிளக் வெளுக்கும். ஊசியோட கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினா ஊசி மேலே ஏறி, கொஞ்சம் கூடுதலா பெட்ரோல் கிடைக்கும். பழைய ரப்பர் டியூப், வாஷர் எல்லாம் உப்பி விரிசல் விடலாம், எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். செமஸ்டர் லீவுல மாசக்கணக்கா வண்டியை நிறுத்தறதா இருந்தா மிதவைக் கிண்ணத்தைக் காலி பண்ணிட்டு நிறுத்து.

1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து கம்பெனியும் கைகோத்து ஆரம்பிச்சு, திருவொற்றியூர்லேர்ந்து வெளியே வந்த வண்டி இது. 2020-ல பி.எஸ் 6 வந்ததும் புது புல்லட்ல கார்புரேட்டரே போயிடுச்சு, கம்ப்யூட்டர்தான் பெட்ரோல் ஊத்துது. அதுல கோளாறுன்னா ஸ்கேனர் வேணும். உன் வண்டிக்குத் திருப்புளி, பிளக் ஸ்பேனர், ஃபில்லர் கேஜ் போதும். ஸ்பேர் கவலையும் வேண்டாம், சென்னையில ஜி.பி. ரோடு இருக்கு, புதுப்பேட்டை இருக்கு.

தம்பி, சனிக்கிழமை காலையில அந்தப் பதினஞ்சு கிலோமீட்டரை ஓட்டு. நிக்கட்டும். மூடியைத் திற, பிளக்கைக் கழட்டு. 'உஸ்ஸ்'ஸா, நீலமா, மஞ்சளான்னு அன்னிக்கே எனக்கு மெயில் போடு. காயில்னு தெரிஞ்சா, வாங்கறதுக்கு முன்னாடி உன் வண்டி 6 வோல்ட்டா, 12 வோல்ட்டான்னு பேட்டரியைப் பார்த்துட்டுக் கடைக்குப் போ.

(அடுத்த வாரம்: கிளட்ச் வழுக்குதா? பிளேட்டைப் பிரிக்கறதுக்கு முன்னாடி கேபிளைப் பார்!)