மருந்துப் போத்தலில் தமிழ் வேண்டும்

இருமலை அற்ப நோயென்று எண்ணுவோர் பலர். ஆனால், இருமல் பாணி அற்ப மருந்தன்று. 2025ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில், 'கோல்ட்ரிஃப்' என்னும் பாணியைப் பருகிய இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் பழுதுற்று மாண்டனர். அப்பாணி செய்யப்பட்ட இடம் காஞ்சிபுரம் மாவட்டம். தமிழக அரசின் பரிசோதனையில், டைஎத்திலீன் கிளைக்கோல் என்னும் நஞ்சு 48.6 வீதம் அதிலே கலந்திருக்கக் காணப்பட்டது. 0.1 வீதத்துக்கு மேல் இருத்தலாகாத பொருள் அது.

அக்குழந்தைகளுட் பலருக்கு அம்மருந்தை எழுதிக் கொடுத்தவர் மருத்துவரே. அப்பாணியிலிருந்த குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் ஆகிய இரண்டின் கூட்டு நான்கு வயதுக்குட்பட்டோருக்கு ஆகாது என்றும், அவ்வெச்சரிக்கையைப் போத்தலிற் பொறித்தல் வேண்டும் என்றும் இந்திய அதிகாரிகள் 2023 டிசம்பரிலேயே பணித்திருந்தனர். நஞ்சைக் கண்டறிதல் ஆய்வுகூடத்தின் கடன். எந்தத் தாயும் அதனைச் செய்ய இயலாது. ஆனால் வயது, அளவு, எச்சரிக்கை ஆகியவற்றை அறிதல் தாயின் உரிமை.

அவ்வுரிமை வத்தேகம, பன்வில தோட்டங்களில் வாழும் எம்மக்களுக்கு உண்டா? போத்தலின் மேலே ஆங்கிலம். மருந்து உறையின் மேலே சிங்களமோ ஆங்கிலமோ. தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த தாய் எதனைக் கண்டு தெளிவாள்?

1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சிங்களம் நிர்வாக மொழியாகவுள்ள பகுதியிலும், அரச அலுவலரிடமிருந்து தமிழில் அறிவித்தல் பெறும் உரிமையை 1988இன் பதினாறாம் திருத்தம் வழங்கியது. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்துறை மேல் எழுதித் தரப்படும் குறிப்பும் அத்தகைய அறிவித்தலே என்பது எமது வாதம்.

வாயாற் சொன்னாற் போதாதா எனச் சிலர் வினவுவர். போதாது. நெருக்கடி மிகுந்த மருந்துச் சாளரத்தில் காதில் விழுந்த சொல், நள்ளிரவில் பிள்ளை இருமும்போது நினைவில் நில்லாது. எழுத்தே நிற்கும். மருந்தின் பெயர், மில்லிலீற்றர் அளவு, வேளை, நாள், தூக்கம் வருமா என்னும் எச்சரிக்கை ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்ட சிறு ஒட்டுத்தாள் ஒன்று போதும். இதற்குப் பெரும் செலவில்லை, மனமே வேண்டும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஒளடத அதிகாரசபை, தனியார் பாமசிகளுக்கும் இதனைக் கட்டாயமாக்குதல் வேண்டும்.

நமக்கும் கடமையுண்டு. ஒருவருக்கு எழுதிய பாணியை மற்றவருக்குக் கொடுத்தலாகாது. சமையற் கரண்டியால் அளத்தல் கூடாது. மருந்துடன் வரும் அளவுக் கிண்ணமே சரி. கொடெயின் கலந்த மருந்து பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கு ஆகாதென 2017இல் அமெரிக்க அதிகாரசபை அறிவித்தது. வளர்ந்தோரும் அதனைச் சாராயத்துடன் சேர்த்தால் மூச்சு ஒடுங்கும். மருந்து குடித்த பிள்ளைக்குச் சிறுநீர் குறைந்தால், போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு விரைதல் வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குப் பாணி தேடாது, காசநோய்க்கான சளிப் பரிசோதனையை நாடுக.

தோட்டந்தோறும், கிராமந்தோறும் இக்கோரிக்கை எழுதப்பட்டு, கையெழுத்துடன் ஆஸ்பத்திரி அதிகாரிகளுக்குச் செல்லட்டும். மொழியுரிமை மேடைக்கு மட்டும் உரியதன்று. மருந்துப் போத்தலிலும் அது எழுதப்பட வேண்டும்.