சுவர் மட்டும் போதுமா?

கடல் கடந்து, பிரேசில் நாட்டுக் கடைவீதிக்கு உங்களை அழைக்கிறேன், வாரீர்! ஆண்டு 2013. 'பிளேஸ்டேஷன் 4' எனும் விளையாட்டுக் கருவி விற்பனைக்கு வருகிறது. அமெரிக்காவில் விலை 399 டாலர். பிரேசிலிலோ 3,999 ரெயால். அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 1,800 டாலர்! ஒரே கருவி, விலையோ நான்கு மடங்குக்கும் மேல்! ஏன்? இறக்குமதி வரியே காரணம் என்றது சோனி நிறுவனம்.

"விளையாட்டுப் பொருள்தானே, வரி போட்டால் யாருக்கு நட்டம்?" என்று கேட்பார் உளர். செல்வர் வீட்டுச் செல்லப்பிள்ளைக்கு, வெளிநாடு சென்று திரும்பும் தந்தை வாங்கி வருவார். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு? கண்ணாடிப் பேழைக்கு வெளியே நின்று காணும் காட்சி ஒன்றே மிச்சம்! பராகுவே எல்லையில், பரானா ஆற்றின்மீது ஒரு பாலம். பெயர் 'நட்புப் பாலம்'. அவ்வழியே கள்ளச்சரக்கு நெடுங்காலம் நடைபோட்டது. அரசுக்கு வரி இல்லை. வாங்கியவனுக்கு உத்தரவாதம் இல்லை. கொழுத்தவன் கடத்தல்காரன்!

அப்படியாயின் வரிச்சுவரை இடித்துத் தள்ளிவிடலாமா? அவசரம் வேண்டாம். சுவருக்குள் முளைத்த செடியையும் காணவேண்டாமா? 1987-இல் தோன்றியது டெக்டாய் எனும் உள்நாட்டு நிறுவனம். சேகாவின் 'மாஸ்டர் சிஸ்டம்' கருவியை 1989-இல் பிரேசில் மக்களிடம் கொணர்ந்தது. அமேசான் காட்டின் நடுவே, வரிச்சலுகை பெற்ற மனௌஸ் நகரில் அதனை உருவாக்கிற்று. 'ஃபான்டசி ஸ்டார்' ஆட்டத்தை 1991-இல் போர்ச்சுகீசிய மொழியில் பேசவைத்தது. அந்நாட்டுச் சித்திரக்கதைச் சிறுமி மோனிக்காவை ஆட்டத்தின் நாயகியாக்கிற்று. ஜப்பானியக் கருவி, வீட்டுப் பிள்ளையாயிற்று!

2011-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் 'எக்ஸ்பாக்ஸ் 360' கருவியை மனௌசிலேயே செய்யத் தொடங்கியது. விலை வெகுவாக இறங்கிற்று. அங்கே தொழிற்கூடம் காணாத நின்டெண்டோவோ, 2015 சனவரியில், உயர்ந்த வரியைக் காரணங்காட்டி விநியோகத்தை நிறுத்திற்று. 2020-இல்தான் 'ஸ்விட்ச்' கருவியோடு மீண்டும் வந்தது. இடையில், 2019 முதல் பிரேசில் அரசே விளையாட்டுக் கருவிகளின் வரியைப் படிப்படியாகக் குறைக்கத் தொடங்கியிருந்தது. காலங்கடந்தேனும் கண்விழித்தது, பாராட்டுவோம்!

பாடம் யாது? சுவர் எழுப்பும் அரசு, உள்ளே தொழிற்கூடமும் எழுப்பவேண்டும். தொழிற்கூடம் நிமிர நிமிர, சுவரைத் தாழ்த்தும் துணிவும் வேண்டும். தொழிற்கூடமற்ற சுவர், நாட்டுக்குக் காவலன்று. கடத்தல்காரனுக்கு நாமே கட்டித்தந்த கோட்டை! இன்று கருவியைத் தொடும் பிஞ்சுவிரல், நாளை கருவியைப் படைக்கக்கூடும். அந்த விரலிடமா, வாசகரே, வரி கேட்பது?