தீ நடுவே ஒரு சல்யூட்!

ரீல்ஸ் தள்ளிக்கொண்டே போனபோது, நாலு இன்ஜின் வைத்த ஒரு கிழட்டு விமானம் உறுமிக்கொண்டு பறந்தது. பெயர் லங்காஸ்டர். இரண்டாம் உலகப்போர் காலத்தில் 7,000-க்கும் மேல் தயாரான குண்டுவீச்சு விமானம். இன்று பறக்கும் நிலையில் உலகத்திலேயே இரண்டுதான் மிச்சம். வீடியோவில் இருந்தது கனடாவின் ஹாமில்டன் அருங்காட்சியகத்தில் இருப்பது. அதற்கு மைனார்ஸ்கி என்ற ஒருவரின் பெயரை ஏன் வைத்தார்கள் என்று தேடப் போனேன். அன்றிரவு தூக்கம் போச்சு.

ஆண்ட்ரூ மைனார்ஸ்கி, கனடாவின் வின்னிபெக் நகரத்துப் பையன். போலந்திலிருந்து குடியேறிய குடும்பம். தோல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு விமானப்படைக்குப் போனவர். லங்காஸ்டரின் முதுகில் இருக்கும் துப்பாக்கிக் கூண்டு இவருடையது. வால் கூண்டில் நண்பர் பேட் பிராஃபி. பிராஃபி பதவியில் மேலே என்பதால், இரவு பிரியும்போதெல்லாம் விறைப்பாக சல்யூட் அடித்து ‘குட்நைட் சார்’ என்று கலாய்ப்பாராம்.

1944 ஜூன் 12 இரவு. அந்தக் குழுவுக்கு அது 13-வது பயணம். இங்கிலாந்தில் விமானம் ஏறும் முன், புல்லில் கிடைத்த நாலு இலை க்ளோவரை (அங்கே அது அதிர்ஷ்டமாம்) மைனார்ஸ்கி நண்பரிடம் கொடுத்தார். தனக்கு வைத்துக்கொள்ளவில்லை.

நள்ளிரவு தாண்டி, பிரான்ஸின் காம்ப்ரே அருகே ஜெர்மன் விமானம் சுட்டது. இடது பக்க இன்ஜின்கள் இரண்டும் போயின. வால் கூண்டைத் திருப்பும் விசை அந்தப் பக்கத்திலிருந்துதான் வரவேண்டும். கூண்டு பாதியில் சிக்கி நின்றது. பிராஃபி உள்ளே மாட்டிக்கொண்டார். குதிக்க வந்த மைனார்ஸ்கி அதைப் பார்த்தார். பாராசூட்டோடு வாசல் பக்கத்திலேயே இருந்தது. அவரோ நெருப்புக்குள் தவழ்ந்து போய், கோடாலியால் அடித்தார், வெறுங்கையால் இழுத்தார். உடையில் தீப்பிடித்துவிட்டது. ‘போ, போய்விடு’ என்று பிராஃபி கையசைத்த பிறகுதான் பின்வாங்கினார். வாசலில் நிமிர்ந்து நின்று, எரியும் உடையோடு ஒரு சல்யூட். உதடுகள் அசைந்தன. சத்தம் கேட்கவில்லை. என்ன சொல்லியிருப்பார் என்று பிராஃபிக்குத் தெரியாதா?

பாராசூட்டும் எரிந்துகொண்டிருந்தது. கீழே கிராமத்து மக்கள் மீட்டும், தீக்காயங்களால் மைனார்ஸ்கி இறந்தார். வயது 27. விமானமோ தரையில் மோதி மரத்தில் இடித்தபோது, கூண்டு உடைந்து பிராஃபி வெளியே தூக்கி வீசப்பட்டார். உயிரோடு! அவர் பிழைக்காமல் போயிருந்தால், உள்ளே நடந்தது ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவர் சொன்னதை வைத்துத்தான் 1946-ல் விக்டோரியா கிராஸ் விருது கொடுத்தார்கள்.

பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் இப்படி இறந்தவர்கள் 55,573 பேர். அவர்கள் போட்ட குண்டுகளில் கீழே செத்த ஜனங்களும் கணக்கில்லாமல் உண்டு. அந்தச் சங்கடமும் சேர்ந்துதான், லண்டனில் இவர்களுக்கு நினைவுச் சின்னம் வர 2012 ஆனது. குண்டுவீச்சில் இறந்த எல்லா நாட்டவரையும் அதில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

மைனார்ஸ்கி கடைசியாகக் கிளம்பிய விமானத்தளம் இப்போது டீஸைட் விமான நிலையம். 2005-ல் அங்கே அவருக்குச் சிலை வைத்தார்கள். அதே சல்யூட்டோடு நிற்கிறார்.