ஃபோர்லான் ஃப்ளாப்பா? போங்கப்பா!

"மான்செஸ்டர் யுனைடெட் வாங்கி ஏமாந்த ஸ்ட்ரைக்கர்கள்" என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் உருகுவேக்காரர் டியேகோ ஃபோர்லான் பெயர் தவறாமல் வந்துவிடுகிறது. நம்ம ஹாஸ்டல் டிவி ரூம் வரைக்கும் இதே பாட்டுதான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால மக்களே, இன்னைக்கு இதை ஒரு கை பார்த்துடலாம்.

முதலில் எதிர்க்கட்சி சொல்வதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2002 ஜனவரியில் அர்ஜென்டினாவின் இன்டிபென்டியன்டே கிளப்பிலிருந்து மான்செஸ்டர் வந்தார். முதல் கோல் அடிக்கவே எட்டு மாசம் ஆனது. அதுவும் மக்காபி ஹைஃபாவுக்கு எதிராக ஒரு பெனால்டி. 2004-ல் கிளம்பும்போது மொத்தக் கணக்கு 98 ஆட்டம், 17 கோல். பார்க்க நன்றாக இல்லைதான், ஒத்துக்கறேன்.

ஆனால் அந்த 98-ல் பாதிக்கு மேல் நடுவில் மாற்று ஆட்டக்காரராக இறங்கியவை. அவர் இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது யார்? ரூட் வான் நிஸ்டல்ரூய். 2002-03 சீசனில் மட்டும் 44 கோல் அடித்த மனுஷன்! அவருக்கு அடுத்த இடத்தில் இருந்ததும், ஆடவே தெரியாததும் ஒன்றா? அதே சீசனில் லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் இரண்டு கோல் போட்டு 2-1 என்று ஜெயிக்க வைத்தவரும் இவரே. அந்த வருடம் லீக் பட்டமும் கிடைத்தது. யுனைடெட் ரசிகர்கள் அதற்காகப் பாட்டே கட்டிப் பாடினார்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் பார்த்தவனே கொண்டாடுகிறான், டிவியில் பார்க்கிற நமக்கு என்னங்க அவ்வளவு கோபம்?

சரி, போன இடத்தில் என்ன செய்தார்? ஸ்பெயினில் வில்லாரியல் என்று ஐம்பதாயிரம் பேர் வசிக்கிற ஒரு சின்ன ஊர். அங்கே முதல் சீசனிலேயே (2004-05) லீக்கில் 25 கோல். ஸ்பெயினில் முதலிடம், ஐரோப்பியத் தங்கக் காலணியில் தியரி ஹென்றியோடு பங்கு. அடுத்த வருடமே அந்தக் குட்டி ஊர் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனது. பிறகு அட்லெடிகோ மாட்ரிட். 2008-09-ல் 32 லீக் கோல், மறுபடியும் தங்கக் காலணி. இது மெஸ்ஸியும் ஏட்டோவும் ஆடிய அதே லீக், ஞாபகம் இருக்கட்டும். 2010 யூரோப்பா லீக் இறுதியில் ஃபுல்ஹாமை 2-1 என்று வென்றபோது இரண்டு கோலுமே இவருடையது. அடுத்து தென்னாப்பிரிக்கா உலகக்கோப்பையில் 5 கோல். உருகுவே நான்காம் இடம், போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது ஃபோர்லானுக்கு.

"அப்போ இன்டர் மிலன்?" என்பீர்கள். 2011-ல் 32 வயதில் போனார், லீக்கில் 2 கோல்தான். அது தோல்வியேதான், பூசி மெழுக மாட்டேன். ஒரு மோசமான சீசன் எப்படி முழு வாழ்க்கைக்கும் தீர்ப்பாகும் என்பதுதான் என் கேள்வி.

உண்மை என்னவென்றால், நமக்குக் கால்பந்து என்றாலே இங்கிலாந்து ப்ரீமியர் லீக்தான். ஆங்கில வர்ணனை எதைச் சொல்கிறதோ அதுதான் வேதம். ஸ்பெயினில் ஒருத்தர் மலையையே புரட்டினாலும் கணக்கில் சேராது. மான்செஸ்டர் வந்தபோது ஃபோர்லானுக்கு 22 வயது, கிளம்பும்போது 25. கிட்டத்தட்ட நம்ம வயசு. இந்த வயதில் தடுமாறினவன் நெற்றியில் முத்திரை குத்தி, அப்புறம் என்ன சாதித்தாலும் அழிக்க மாட்டோம் என்றால், முதல் செமஸ்டரில் அரியர் வைத்த பாதி வகுப்பு இப்பவே மூட்டை கட்ட வேண்டியதுதான்!

37 வயதில் மும்பை சிட்டிக்கு ஆட வந்து, 2016-ல் கேரளா ப்ளாஸ்டர்ஸுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்துவிட்டுப் போனவர் இவர். இனிமேல் யாராவது ஃப்ளாப் என்று ஆரம்பித்தால் அந்த இரண்டு தங்கக் காலணிகளைப் பற்றிக் கேளுங்க. அதற்குப் பிறகும் பேசினால் விட்டுடுங்க, தேறாத கேஸு.