சட்டக் கல்லூரிக்கு முதல் செமஸ்டரே நுழைவுத் தேர்வு

தண்டராம்பட்டு அருகே தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியலின மக்கள் 2023 ஜனவரி 30 அன்று சென்று வழிபட்டனர். ஏறத்தாழ 80 ஆண்டுகள் மறுக்கப்பட்ட உரிமை, போலீஸ் பாதுகாப்புடன்தான் கைகூடியது. ஆலய நுழைவுச் சட்டம் 1947-லேயே வந்துவிட்டது. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17-வது பிரிவு 1950 முதல் நடைமுறையில் உள்ளது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. அதை ஊருக்குள் கொண்டுவரத் தெரிந்தவர்கள் வேண்டும். நம் பிள்ளைகள் வழக்கறிஞர்களாக வேண்டிய தேவை இங்கிருந்துதான் எழுகிறது.

'கிளாட்' தேர்வு எழுதாவிட்டால் சட்டம் படிக்க முடியாது என்று எண்ண வேண்டாம். இளநிலை கிளாட், பிளஸ் 2 முடித்தோர் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் ஐந்தாண்டுப் படிப்பில் சேர்வதற்கானது. திருச்சியிலும் அப்படியொரு பல்கலைக்கழகம் உள்ளது. இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள். வினாத்தாள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். அண்மை ஆண்டுகளில் இத்தேர்வு முந்தைய டிசம்பரிலேயே நடந்துவிடுகிறது. பொதுத்தேர்வு முடிந்த பிறகு யோசித்தால் அந்த ஆண்டு வாய்ப்பு போய்விடும். தமிழ்வழி மாணவர்கள் பிளஸ் 1 முதலே ஆங்கில வாசிப்பைப் பழகுவது நல்லது.

பட்டப்படிப்பில் இருப்பவர்களுக்கு நேரான வழி மூன்றாண்டு எல்.எல்.பி. தமிழக அரசு சட்டக் கல்லூரிகளில் இதற்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்து அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் தரவரிசை வெளியிடுகிறது. நம் மாவட்டத்துக்கு அருகில் வேலூர், விழுப்புரம் கல்லூரிகள் உள்ளன. ஆதிதிராவிடருக்கு, அருந்ததியருக்கான 3 சதவீதத்தையும் சேர்த்து, 18 சதவீத இடங்களும் பழங்குடியினருக்கு 1 சதவீதமும் உண்டு.

இவ்விரு பிரிவினரும் 40 சதவீத மதிப்பெண் பெற்றிருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால், அது விண்ணப்பிக்க மட்டுமே போதும். இடம் தருவது தரவரிசைதான். அப்படியானால் முதல் செமஸ்டரிலிருந்தே நுழைவுத் தேர்வு தொடங்கிவிடுகிறது. இறுதியாண்டில் விழித்துக்கொள்பவர் முந்தைய மதிப்பெண்களைத் திருத்த முடியாது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இதை வீட்டில் எடுத்துச் சொல்ல ஆளிருப்பதில்லை. கல்லூரி ஆசிரியர்களும் விடுதிக் காப்பாளர்களும் சேர்க்கை நாளிலேயே சொல்ல வேண்டும்.

படித்து முடித்த பின் செலவை நினைத்துத் தயங்கவும் வேண்டாம். பார் கவுன்சில்கள் பட்டியலின, பழங்குடியினரிடம் பதிவுக் கட்டணமாக 125 ரூபாய்க்கு மேல் வசூலிக்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.