எந்த 600?

‘கிலோவுக்கு 600 மில்லிகிராம் பாலிபீனால், 400 உள்ளதைவிட இந்த ஆலிவ் எண்ணெயே மேல்’ என்று அடித்துச் சொல்லும் நண்பர் ஒன்றைக் கேட்க மறந்துவிட்டார்: எந்த முறையில் அளந்த 600? ஃபோலின்-சியோகால்டியூ சோதனை நீல நிறத்தின் அடர்த்தியைப் பார்த்துக் கணக்கிடுவது. எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் எதுவும் அந்த வினைப்பொருளை நீலமாக்கும். எந்தச் சேர்மம் என்று அது சொல்லாது. ஆய்வகங்கள் விடையைப் பெரும்பாலும் காலிக் அமிலத்துக்கோ கஃபீயிக் அமிலத்துக்கோ இணையாகத் தருகின்றன. சர்வதேச ஆலிவ் கவுன்சிலின் எச்பிஎல்சி முறையோ சேர்மங்களைப் பிரித்தெடுத்து, மொத்தத்தை டைரோசாலுக்கு இணையாகச் சொல்கிறது. எண்ணெய் ஒன்று, எண் இரண்டு. முழத்தில் அளந்ததையும் மீட்டரில் அளந்ததையும் பக்கத்தில் வைத்து எது நீளம் என்கிறார் நண்பர்.

‘ஐரோப்பியச் சட்டமே ஒப்புக்கொண்டதே’ என்கிறார். எதை? 2012இன் 432ஆம் விதிமுறை கேட்பது 20 கிராம் எண்ணெயில் குறைந்தது 5 மில்லிகிராம் ஹைட்ராக்சிடைரோசாலும் அதன் வழிச்சேர்மங்களும். அனுமதிப்பது, இரத்தக் கொழுப்பை ஆக்சிஜனேற்ற அழுத்தத்திலிருந்து காக்க உதவும் என்ற ஒரே வாசகம். அளவு ஏற ஏற நன்மையும் ஏறும் என்று அதில் எங்கும் இல்லை. (விளம்பரத்தில் இருக்கலாம்.)

அந்த 600ஐச் சொல்லும் ஆய்வகச் சான்றிதழின் தேதியையும் அவர் பார்க்கட்டும். பிழிந்த கையோடு எடுத்த அளவு, ஓராண்டாகக் கடை வெளிச்சத்தில் நிற்கும் புட்டிக்குப் பொருந்தாது.